மருந்துச் சீட்டில் எழுத முடியாதவை

“நல்லா ஓய்வெடுங்க, சத்தா சாப்பிடுங்க” என்று மருத்துவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியே இல்லை என்பவர் எப்படி ஓய்வெடுப்பார்?

1967-இல் பிரிட்டனில் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எல்லோருக்கும் நிலையான வேலை, சம்பளம். பட்டினி கிடந்தவர்கள் இல்லை. அப்படியும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு! புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தும் இடைவெளி பெரிதாகவே நின்றது. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கே கட்டுப்பாடு இல்லாத நிலையும் இதயத்தை அரிக்கும் என்று அடுத்த கட்ட ஆய்வு காட்டியது.

ஈரம் கசியும் சுவருக்குள் வளரும் குழந்தைக்கு இளைப்பு வந்தால் இன்ஹேலர் கொடுத்து அதே வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்புகிறோம். சுவரை யார் பார்ப்பது?