தாழைநாட்டு ரயில்: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3

என் கற்பனை நாட்டு ரயில் வரைபடத்தில் கொற்றூரை நடுவில் வைப்பதா ஓரமாகத் தள்ளுவதா என்று இன்று முழுக்க வரைந்து வரைந்து அழித்தேன். தலைநகரம் நடுவில் இருந்தால் எல்லாப் பாதையும் அங்கே போய்த்தான் முட்டும். பிரான்சில் 1842-இல் சட்டமே போட்டு, பாரிஸிலிருந்து நாலா பக்கமும் பாதை விரித்தார்கள். இன்றைக்கும் அங்கே குறுக்காகப் போக வேண்டியவர்களில் பலர் பாரிஸில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு இன்னொரு ஸ்டேஷனுக்கு மெட்ரோ பிடிக்கிறார்கள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு ஆட்டோ பேரம் பேசியவர்கள் நாம்.

கொற்றூரில் ஒரே ஸ்டேஷன். வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும். இதில் மாற்றம் கிடையாது.

மார்ச் 4

தூக்கம் வரவில்லை. கடைமுனைக்கு ஒரு கோடு போட்டேன். அழித்தேன்.

மார்ச் 6

பெரியப்பா வந்தார். மதுரை கோட்டத்தில் கன்ட்ரோல் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்றாவது தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வரைபடத்தை எப்படித்தான் பார்த்தாரோ. "என்னம்மா, எந்த ஊர் இது?" என்றார். இல்லாத ஊர் என்றேன். "கேஜ் என்ன?" என்பதுதான் அடுத்த கேள்வி. தண்டவாளங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம் என்று.

1435 மில்லிமீட்டர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம 1676-க்கு என்ன குறைச்சல்?"

ஒரு குறையும் இல்லை. ஆனால் தாழைநாடு சின்ன நாடு, இரண்டு கோடிப் பேர்கூட இல்லை. சொந்தமாகத் தொழிற்சாலை வைக்க முடியாது. உலகத்தில் பெரும்பாலான கம்பெனிகள் எந்த அகலத்துக்குப் பெட்டி செய்கின்றனவோ அதை வாங்கிக்கொள்வதுதான் மலிவு. பழைய மீட்டர் கேஜை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. ஜப்பான் 1067-ஐத் தொடாமல் விட்டுவிட்டு, 1964-இல் ஷின்கன்செனுக்கு மட்டும் 1435-இல் தனிப் பாதை போட்டது. ஆஸ்திரேலியாவில் மாகாணத்துக்கு ஒரு அகலம். சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகிறவர்கள் எல்லையில் ஆல்பரியில் வண்டி மாறினார்கள், 1962 வரைக்கும்.

ஒரே அகலம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரியப்பா கிளம்பும்போது மீட்டர் கேஜ் வண்டியின் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 7

சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்தது எனக்குத் திரும்பத் திரும்ப ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் டைம் டேபிள், அப்புறம்தான் தண்டவாளம். 1982-இல் நாடு முழுக்க மணிக்கு ஒரு வண்டி என்று தொடங்கினார்கள். 1987-இல் மக்களிடம் ஓட்டு வாங்கி அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். முக்கியமான ஜங்ஷன்களில் மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி எல்லாத் திசை வண்டிகளும் வந்து சேர வேண்டும், ஆள் மாறியதும் எல்லாம் கிளம்ப வேண்டும். அதற்கு ஜூரிக்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், முடியவில்லை. அதனால் புதுப் பாதை போட்டு 2004 டிசம்பரில் 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை 45 ஆக்கியிருந்தால் என்ன லாபம்? ஜங்ஷனில் போய்க் காத்துக் கிடப்பதுதான்.

எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டு என்பவர்கள் யாரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் இல்லை.

கொற்றூர்–இருபுனல் 112 கிலோமீட்டர். 56 நிமிடம். சராசரி 120 வர வேண்டும், அப்படியென்றால் 160 தாங்கும் பாதை.

மார்ச் 10

போன் வரவில்லை. நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சொன்னவர்களை நாளைக்குக் கூப்பிட்டால், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்கிறார்கள்.

மார்ச் 11

பெரியப்பா இன்று ஸ்கேலும் கலர் பென்சிலும் கொண்டுவந்தார்! போன வருடக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, குறுக்கே மணிகளைக் குறித்தார், பக்கவாட்டில் ஸ்டேஷன்களை எழுதினார். இருபுனலில் 6:02-க்குக் கிளம்பும் வண்டிக்கு ஒரு சாய்கோடு. வெண்மணலில் 5:32-க்குக் கிளம்பும் வண்டிக்கு எதிர்ச் சாய்கோடு. பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் சின்ன வட்டம் போட்டு, "இங்க க்ராஸிங். இங்க லூப் இல்லைன்னா உன் வண்டி ரெண்டும் மூஞ்சியோட மூஞ்சி நிக்கும்" என்றார். லூப் என்றால் ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை.

இருபுனல்–வெண்மணல் 84 கிலோமீட்டர், சிங்கிள் லைன், 86 நிமிடம். இரண்டு பக்கமும் மணிக்கொரு வண்டி என்றால், ஒவ்வொரு வண்டியும் அரை மணிக்கு ஒரு எதிர் வண்டியைச் சந்திக்கும். அதாவது 6:30-க்கு ஒரு தடவை, 7:00-க்கு ஒரு தடவை. அந்த நேரத்தில் வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்டேஷன் கட்ட வேண்டும். ஊர் இருக்கும் இடத்தில் இல்லை.

ஏழு மணிக்கு இரண்டு வண்டியும் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நிற்கின்றன.

மார்ச் 13

என் நாடுதானே, ஆற்றைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன் என்றேன். பெரியப்பாவுக்கு நிஜமாகவே கோபம். "ஆத்தை நகத்துறதா இருந்தா நான் எதுக்கு?"

சரி. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஹால்ட், அதாவது சின்ன நிறுத்தம், சேர்த்தேன், அந்தப் பக்கம் ஒன்றை எடுத்தேன். மொத்தம் அதே 86. க்ராஸிங் கரைக்கு வந்துவிட்டது. எடுத்த ஹால்ட்டுக்கு நான் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. செய்யட்டும். நியாயம்தான்.

மார்ச் 14

"இன்னும் அந்த ஊர்லதான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அம்மா கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன்.

மார்ச் 15

போக 86, வர 86, இரண்டு முனையிலும் நாலு நாலு நிமிடம். மூன்று மணி நேரம். மூன்று ரேக், அதாவது மூன்று முழு வண்டி, போதும் என்று துள்ளினேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. எட்டுப் பெட்டி வண்டியில் டிரைவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கவே நாலு நிமிடம் ஆகுமாம். அது மெமு மாதிரி இரண்டு பக்கமும் கேபின் இருந்தால். தனி எஞ்சின் என்றால் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும், பிரேக் சோதிக்க வேண்டும். "அவன் டீ குடிக்க வேண்டாமா? ஒண்ணுக்குப் போக வேண்டாமா?" ஒரு வண்டி பத்து நிமிடம் பிந்தினால் எதிர் வண்டியும் க்ராஸிங்கில் பத்து நிமிடம் நிற்கும், அது அடுத்ததைப் பிடித்து நிறுத்தும், சாயந்தரம் வரை அதே கதைதான் என்றார். நாலு ரேக். ஷெட்டில் ஒன்று உபரி, ஆக ஐந்து. நடுவில் இன்னும் ஒரு லூப்.

நிதி அமைச்சரும் நான்தான். கொடுத்துவிட்டேன்.

மார்ச் 18

போன் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கடைமுனை. வெண்மணலிலிருந்து 38 கிலோமீட்டர், ஒன்பதாயிரம் பேர், மீன், உப்பு, ஒரு கலங்கரை விளக்கம். கணக்குப்படி ஒரு நாளைக்கு இரண்டு பஸ் போதும். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் காலையில் பெரிய ஊருக்குப் போய், டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். அப்புறம் லாட்ஜ். கூட வந்தவருக்கும் சேர்த்துச் சாப்பாடு. இதெல்லாம் எந்த நிதியறிக்கையில் எந்தத் தலைப்பில் வருகிறது? பயணிகள் வரவில்லை, நஷ்டம் என்கிறார்கள். வண்டி இல்லாத நேரத்தில் எப்படி வருவார்கள்?

தனுஷ்கோடிக்குக் கூட ஒரு காலத்தில் போட் மெயில் போயிற்று. ரயிலுக்காகக் கப்பல், கப்பலுக்காக ரயில், அந்தப் பக்கம் தலைமன்னாரில் இன்னொரு ரயில். 1964 புயலில் போனது போனதுதான்.

கடைமுனைக்கு மணிக்கொரு வண்டி. இரண்டு பெட்டி. யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

மார்ச் 19

பெரியப்பா பேசினார். மணிக்கொன்று வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று விடு, ஆனால் ராத்திரிக் கடைசி வண்டியை மட்டும் விடாதே என்றார். ஒத்துக்கொண்டேன். கொற்றூரில் 7:02-க்கு ஏறினால் இருபுனல் 7:58, வெண்மணல் 9:28, அங்கிருந்து 9:35.

நாளைக்கு ஆறு மணிக்கே கிளம்ப வேண்டுமாம். பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

கடைமுனை சேர இரவு 10:20 ஆகும். அதற்கு மேல் ரேக் திரும்பாது, அங்கேயே நிற்க வேண்டும். அப்படியானால் டிரைவரும் கார்டும் படுக்க ரன்னிங் ரூம் வேண்டும், சமைக்க ஒரு ஆள், விடியற்காலை எழுப்பிவிட ஒரு ஆள். இரண்டு பேருக்கு ஒரு ரன்னிங் ரூம் எங்கேயாவது இருந்திருக்கிறதா என்று பெரியப்பாவிடம்