பித்தளை மீனும் செங்கல் மதிலும்

ட்ரென்ட் பிரிட்ஜ் என்றால் நமக்கு கிரிக்கெட் ஸ்கோர்போர்டுதான் ஞாபகம் வரும். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு பாலம் இருக்கிறது, அதன் மேல் பஸ் போகிறது என்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் போய் இறங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள, இவ்ளோ தூரம் வந்துட்டு பாலத்தப் புடிச்சிட்டு நிக்கிற?" என்றார் அத்தான்.

அக்கா வீட்டில் பத்து நாள் தங்கல். கோட்டை, ராபின் ஹூட் சிலை எல்லாம் முதல் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. எனக்கு இந்த ஊரின் குழாயும் பம்பும்தான் பார்க்கவேண்டும். அத்தானுக்கு அது புரியவே இல்லை. ஆனாலும் கார் ஓட்டினார்.

1871இல் திறந்த அந்தப் பாலம் மாரியட் ஓகில் டார்பட்டன் என்ற நகராட்சிப் பொறியாளர் வடிவமைத்தது. பாலத்துக்குப் பக்கத்தில் அதற்கும் நாற்பது வருஷம் முந்தியே ஒரு காரியம் நடந்திருக்கிறது. 1831இல் தாமஸ் ஹாக்ஸ்லி என்பவர், அப்போது இருபதுகளில் இருந்த உள்ளூர்ப் பையன், ஆற்றங்கரையில் ஒரு நீரேற்று நிலையம் அமைத்து, இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் அழுத்தம் குறையாமல் தண்ணீர் விட்டார். இங்கிலாந்தில் அதுதான் முதல் முறை என்கிறார்கள். மற்ற ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர். முறைத் தண்ணீரில் ஒரு சிக்கல் உண்டு: நிறுத்தியதும் குழாய் காலியாகும், மண்ணுக்குள் இருக்கும் விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுபடும். எப்போதும் நிறைந்து அழுந்திக்கொண்டே இருந்தால், விரிசல் வழியே தண்ணீர்தான் வெளியே போகுமே தவிர அழுக்கு உள்ளே வராது. மாடி வீட்டுக்கும் ஏறும். எளிய கணக்கு. அதைச் செய்து காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்னெய்ன்டன் காற்றாலைக்கும் ஒரு ஓட்டம். பொறியியல் படித்தவர்களை மிரட்டிய 'கிரீன்ஸ் தியரம்' நினைவிருக்கிறதா? அந்த ஜார்ஜ் கிரீனின் அப்பா மாவரைக்கக் கட்டிய ஆலை இது. மகனும் இதே ஆலையில் வேலை பார்த்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறார். இப்போதும் மாவு அரைக்கிறார்கள். ஒரு பை வாங்கினோம். அக்கா அதில் சப்பாத்தி சுட்டாள், கொஞ்சம் கெட்டிதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பேப்பிள்விக். நகரத்துக்கு வடக்கே, மரங்களுக்கு நடுவே 120 அடி உயரப் புகைபோக்கி. 1880இல் நகராட்சி தண்ணீர் கம்பெனியை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு, பாலத்தை வடிவமைத்த அதே டார்பட்டன் 1881க்கும் 1884க்கும் இடையில் கட்டிய நீரேற்று நிலையம் இது. அடியில் மணற்பாறை, அதற்குள் 200 அடிக் கிணறு. இன்ஜின்கள் இரண்டும் ஜேம்ஸ் வாட் கம்பெனியுடையவை. வாட் 1819லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லா நாளும் இன்ஜின் ஓடாது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் பாய்லரைப் பற்றவைப்பார்கள். நாள் பார்த்துப் போனதால் தப்பித்தோம்.

இந்த இன்ஜினை விளக்க எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. ஏற்றம் தெரியும் இல்லையா? நடுவில் கால், மேலே துலா, ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். அதேதான். துலாவுக்குப் பதில் டன் கணக்கில் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்தரம். மேலேறி மிதிக்கிற ஆளுக்குப் பதில் நீராவி. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்க, தலைக்கு மேலே உத்தரம் ஆட, மறுபக்கம் பெரிய சக்கரம் சுற்ற, கிணற்றுக்குள் பம்பு வேலை செய்கிறது. ஒவ்வொரு இன்ஜினும் ஒரு நாளைக்கு 15 லட்சம் கேலன் இறைக்குமாம். சத்தம்தான் ஆச்சரியம். இரைச்சலே இல்லை. மாடு பெருமூச்சு விடுவதுபோல ஒரு 'ஹ்ஹ்', அப்புறம் எண்ணெயில் நழுவும் இரும்பின் மெல்லிய ஓசை. நீல மேலங்கி போட்ட ஒரு பெரியவர் நீள மூக்கு எண்ணெய்க்குப்பியோடு நின்றார். தண்டு அவர் பக்கம் வரும் அந்த ஒரு நொடியில் இரண்டு சொட்டு விடுவார், கையை எடுத்துக்கொள்வார், மறுபடி காத்திருப்பார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் தூண்களைப் பார்த்தேன். இரும்புத் தூணைச் சுற்றி நீர்ச்செடி. செடிகளுக்கு இடையில் பித்தளை மீன்கள் நீந்துகின்றன. உச்சியில் நீர்ப்பறவைகள். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. பம்பு ஷெட்டுக்கு! நாலைந்து தொழிலாளிகளைத் தவிர தினமும் யார் பார்க்கப் போகிறார்கள்? வரிப்பணம் வீண் என்று அத்தான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் வருகிற இடத்தை அலங்கரிக்காமல் வேறு எதை அலங்கரிப்பது? 1969இல் மின்சார பம்பு வந்ததும் இவை ஓய்வு பெற்றன.

மத்தியானத்துக்கு மேல் சவுத்வெல். சமையலுக்குப் போடும் புளிப்பு ஆப்பிளான பிராம்லி, 1809இல் இந்த ஊர்த் தோட்டத்தில் ஒரு சின்னப் பெண் போட்ட விதையிலிருந்து வந்தது. நாங்கள் தேடி வந்தது 1824இல் கட்டிய ஏழைகள் விடுதியை. ஜான் தாமஸ் பீச்சர் என்ற பாதிரியார் முன்னின்று கட்டியது. 158 பேர் தங்கலாம். சோறு உண்டு, கூரை உண்டு, ஆனால் இருக்கப் பிடிக்கக்கூடாது. அதுதான் திட்டமே. உழைக்க முடிந்தவன் இங்கே வர யோசிக்கவேண்டும். பத்து வருஷம் கழித்து 1834இல் வந்த நாடு தழுவிய ஏழைகள் சட்டத்துக்கு இதுதான் முன்மாதிரி.

வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ ஜமீன் பங்களா மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. முடியாதவர்கள் ஒரு பக்கம், 'சோம்பேறிகள்' ஒரு பக்கம். குடும்பமாக வந்தால் வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். நடுவில் கண்காணிப்பாளரின் அறை. அவர் சன்னலிலிருந்து பார்த்தால் எல்லா முற்றமும் தெரியும். பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்குவது ஒரு வேலை. மாடியில் ஓர் அறையை 1970களில் இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். வீடில்லாத தாய்மாரும் பிள்ளைகளும் அதுவரைக்கும் இங்கேதான் ஒற்றை அறையில் இருந்திருக்கிறார்கள். அக்கா அந்த அறையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

இறங்கி முற்றத்துக்கு வந்தோம். நானும் அத்தானும் ஒரு கதவில் நுழைந்தோம். அக்காவும் குட்டியும் இன்னொரு கதவில் போயிருக்கிறார்கள் போல. செங்கல் மதில் தலைக்கு மேலே போகிறது. எட்டிப் பார்க்க வழியில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குட்டியின் குரல் கேட்டது. "அப்பா! எங்க இருக்கீங்க?"

"இங்கதான்டா," என்றார் அத்தான், செங்கல்லைப் பார்த்து.