மெழுகை ராக்கெட்டில் எரித்த கதை

பாண்டிச்சேரியில் இறுதியாண்டு மெக்கானிக்கல் படித்தபோது, நாங்கள் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ஹைப்ரிட் ராக்கெட் மோட்டார் செய்தோம். பறக்கவிட இல்லை, மேடையில் பூட்டி எரித்து, உந்துவிசையை அளக்க மட்டும்.

அனுமதிக்கே ஆறு வாரம் ஓடிவிட்டது. துறைத்தலைவருக்கு ராக்கெட் என்றாலே சிவகாசிதான் ஞாபகம் வரும். எரிபொருள் திடமாக ஒரு குழாயில், ஆக்சிஜன் தனியாக சிலிண்டரில், வால்வை மூடினால் நெருப்பு அடங்கிவிடும் என்று படம் போட்டுக் காட்டினோம். 2004-இல் விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய ஸ்பேஸ்ஷிப்ஒன் எரித்தது ரப்பரைத்தான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையெழுத்து கிடைத்தது.

ரப்பர் மெதுவாகத்தான் எரியும். பாரஃபின் மெழுகோ மூன்று நான்கு மடங்கு வேகம். மேற்பரப்பு உருகி, பாயும் ஆக்சிஜன் அதிலிருந்து துளிகளைப் பிய்த்துத் தீக்குள் வீசுகிறது. அதனால் மெழுகையே எடுத்தோம்.

அங்கேதான் மாட்டினோம். குழாயில் ஊற்றி ஆறவைத்தால் நடுவில் குழி, ஓரத்தில் விரிசல். மூன்று குழாய் வீண். வில்லியனூர் மாதா கோயில் பக்கம் மெழுகுவத்தி வார்க்கும் அக்காவிடம் போய் நின்றோம். “சுருங்காத மெழுகு ஏது தம்பி? குழி விழுந்தா மேல கொஞ்சம் ஊத்து, அவ்வளவுதான்” என்றார். வத்திக்கு அது சரி. எங்களுக்கு ஒட்டுப்போட்ட இடம் பிளந்தால் தீ உள்ளே புகுந்துவிடும்.

ஆனால் சுருக்கத்தைத் தடுக்க முடியாது என்பது புரிந்தது. சரி, அதை எங்களுக்கு வேண்டிய இடத்துக்கே தள்ளிவிடலாமே! தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் குழாயைப் படுக்கைவசமாகப் பூட்டி, மெழுகு ஆறும்வரை சுழற்றினோம். மெழுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது. சுருக்கமெல்லாம் நடுத் துளைக்குப் போனது. ஆக்சிஜன் ஓட அங்கே துளை எப்படியும் வேண்டும். தீயின் வெப்பக்கதிர் ஆழமாக இறங்கி மெழுகை இளக்கிவிடாமலிருக்கக் கொஞ்சம் கரித்தூளும் கலந்திருந்தோம்.

உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. பட்டறை அண்ணன் பழக்கதோஷத்தில் ஆக்சிஜன் லைன் மரையில் கிரீஸ் தடவிவிட்டார். அழுத்தத்திலுள்ள சுத்த ஆக்சிஜனும் கிரீஸும் சேர்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ இரண்டு நாள் ஆயிற்று.

சோதனையன்று மணல்மூட்டைக்குப் பின்னால் நின்று பற்றவைத்தோம். காதைக் கிழிக்கும் இரைச்சல். ஐந்து விநாடி எரிய வேண்டியது. மூன்றாவது விநாடியில், உந்துவிசையை அளக்கும் கருவியான லோடுசெல்லின் வயர் பிடுங்கிக்கொண்டது. வால்வை மூடி, உள்ளே மிச்சமிருந்த ஆக்சிஜனை வெளியே தள்ள நைட்ரஜனைத் திறந்ததும் தீ அடங்கிவிட்டது. துறைத்தலைவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு. மறுநாள் அதே மெழுகில் புதுப் பற்றவைப்பானைப் பொருத்தி ஐந்து விநாடியையும் அளந்தோம்.

மிச்சமிருந்த கறுப்பு மெழுகை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். “கறுப்பு வத்திய மாதாவுக்கு யாருப்பா ஏத்துவாங்க?” என்று திருப்பித் தந்துவிட்டார்.