கட்டில் பதினொன்று

04.05.2025, ஞாயிறு
கடமைப் பட்டியல் ஒட்டப்பட்டுவிட்டது. இம்முறையும் எனக்கே இரவுகள் அதிகம். கேட்டால், "உமக்கென்ன, பிள்ளைகுட்டியே இருக்கு?" என்பார்கள். கேட்கவில்லை.

07.05.2025, புதன்
மாலை 7 மணிக்குப் பொறுப்பேற்றபோது பதினோராம் கட்டில் ஐயாவைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இன்சுலினை ஊசியில் எடுத்துக்கொண்டு அருகே போன பின்னர்தான், "பிள்ளை, மத்தியானம் தொடக்கம் ஒரே சத்தி, ஒண்டும் சாப்பிடேல்லை" என்று அவராகவே சொன்னார். விரலில் குத்திச் சீனி பார்த்தேன்: 68, குறைவு. கடமை வைத்தியரை அழைத்தபோது, அந்த ஊசியை நிறுத்தும்படி தாம் மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டதாகக் கூறினார். கட்டில் சீட்டில் ஒரு வரியும் இல்லை.

08.05.2025
நேற்றுப் பொறுப்பை ஒப்படைத்த மூத்த தாதி, அக்காவிடம் கேட்டேன். இடது புருவம் மட்டும் மேலே போனது. பக்கத்தில் நின்ற இருவரும் சிரித்தார்கள்.

10.05.2025
இன்றும் அந்தப் புருவம்.

11.05.2025, ஞாயிறு
தாதியர் தம் இளையவர்களைத் தின்கிறார்களா என்று ஜூடித் மெய்ஸ்னர் 1986இலேயே கேட்டிருக்கிறார். 2004இல் மார்த்தா கிரிஃபின், பொஸ்டனில் புதிதாகச் சேர்ந்த 26 தாதியருக்கு, கூட வேலை செய்பவர்கள் இப்படி நோகடிக்கும் நேரங்களில் சொல்லவேண்டிய பதில்களைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். புருவத்துக்கும் ஒரு பதில் உண்டு: ஏதோ சொல்ல விரும்புகிறீர்கள் போலிருக்கிறது, என்னிடமே நேராகச் சொல்லலாம். இரவு முழுவதும் அதை யாழ்ப்பாணத்து வாய்க்கு ஏற்றபடி திருத்திப் பார்த்தேன். எட்டு வயது மூத்தவரிடம் எப்படிச் சொன்னாலும் வாய்காட்டுவதாகவே ஒலிக்கிறது.

12.05.2025
உலகத் தாதியர் தினம். கேக் வெட்டினார்கள்; எனக்கு ஊட்டிவிட்டவரும் அக்காதான். சித்திராப் பௌர்ணமியுமாதலால் அம்மா கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை கேட்டுவிட்டுக் கஞ்சி கொண்டு வந்திருந்தார். சித்திரபுத்திரனாருடைய கணக்கில் எழுதப்படாத வரிகளுக்கும் இடமிருக்குமா?

16.05.2025, வெள்ளி
தாதியர் தலைவியான மேற்றனுக்குக் கடிதம் எழுதினேன். திகதி, நேரம், கட்டில் இலக்கம், அளவு 68, கூட இருந்தவர்கள். "வேண்டுமென்றே" என்ற சொல்லை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் வெட்டினேன். அதை நிறுவ என்னால் முடியாது, சீட்டு வெறுமையாக இருந்ததை நிறுவ முடியும்.

19.05.2025, திங்கள்
புருவம் ஏறியது. "அக்கா, ஏதும் சொல்லவேணுமெண்டால் எனக்கே சொல்லுங்கோ" என்றேன். குரல் நடுங்கியது. பொறுப்பு ஒப்படைக்கும்போது ஒவ்வொரு கட்டிலையும், பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், இரண்டு தரம் வாசித்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஒரு கட்டிலும் விடுபடவில்லை.

கடிதம் கைப்பையிலேயே இருக்கிறது.