எலுமிச்சையும் வெயிலும்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் சர்பத் போடும் அக்கா டம்ளரை நீட்டினார். புறங்கையில் கருப்புத் தழும்பு. சாறு வழிந்த தடம் அப்படியே, மணிக்கட்டு வரை கோடுகோடாக.

"சுடுதண்ணி கொட்டிடுச்சாக்கா?"

"இல்லப்பா, வெயில்ல நின்னா வருது."

வெயில் மட்டுமில்லை. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் ஃப்யூரனோகூமரின் என்று ஒன்று இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால் தோல் புண்ணாகிவிடும். உடனே தெரியாது. மறுநாளுக்கு மேல்தான் சிவக்கும், சிலருக்குக் கொப்புளமே வரும். அப்புறம் கருமை, அது மாதக்கணக்கில்கூட இருக்கும்.

பிழிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கக்கா என்றேன். பக்கத்திலிருந்த குடத்தைக் காட்டினார். சர்பத்துக்கும் டம்ளர் கழுவவும் அது ஒன்றுதான்.

இத்தனை வண்டிக்கடை நிற்கிற இடத்தில் இவர்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டாமா?