நாடி பிடிச்ச கையோட

ஜூன் 3, செவ்வாய்
நர்சிங் படிப்புல மெடிக்கல் வார்டு போஸ்டிங் ஆரம்பிச்சு ரெண்டாவது நாள். தண்டையார்பேட்டைல இருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு 7 மணிக்குள்ள வார்டுல நிக்கணும், மதியம் வரைக்கும் வார்டு, அப்புறம் கிளாஸ், வீட்டுக்கு வந்து கேர் பிளான் எழுதி முடிச்சு படுக்கறப்போ 12 ஆயிடுது. இன்னிக்கு ஒரு தாத்தாவுக்கு வென்ஃப்ளான் (ரத்தக் குழாய்ல மருந்து ஏத்த போடற ஊசிக் குழாய்) போட சொன்னாங்க. வெயின் நல்லா தெரியுது, டூர்னிக்கே கட்டியாச்சு, ஸ்பிரிட் போட்டு துடைச்சாச்சு, ஊசிய கையில எடுத்ததும் விரல் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்துல இருந்த ஸ்டாஃப் வார்டே திரும்பி பாக்குற மாதிரி கத்தினாங்க. தாத்தா மட்டும் "பரவால்ல கண்ணு, இன்னொரு தபா குத்து"ன்னாரு. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து மிச்ச மருந்து கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி
ஃபைனல் இயர் அக்காங்க ரிசர்ச் ப்ராஜெக்ட்டுக்கு யோகாவும் ஸ்ட்ரெஸ்ஸும்னு டாபிக் எடுத்திருக்காங்க, எங்க பேட்ச்தான் சாம்பிள். 10 கேள்வி இருக்குற ஒரு பேப்பர் கொடுத்தாங்க. ஷெல்டன் கோஹன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கூட ரெண்டு பேர சேத்துக்கிட்டு 1983ல கொண்டு வந்த, ஸ்ட்ரெஸ்ஸ அளக்குற ஸ்கேல், அதோட சின்ன வடிவம் இது. மொத்தம் 40 மார்க், 14ல இருந்து 26 வரைக்கும் வந்தா நடுத்தரம். எனக்கு அதுக்கும் மேல வந்துச்சு. மார்க் கூட பெருசா தெரியல, கஷ்டம் மலையா குவிஞ்சு சமாளிக்க முடியாம போன மாதிரி எத்தனை தடவ இருந்துச்சுன்னு கேட்டிருந்த கேள்விலதான் பேனா நின்னுடுச்சு. இத இதுவரைக்கும் யாருமே எங்கிட்ட கேட்டதில்ல.

ஜூன் 9, திங்கள்
யோகா முதல் கிளாஸ். பெஞ்ச எல்லாம் ஓரமா தள்ளிட்டு பெட்ஷீட் விரிச்சுதான் செஞ்சோம். தாடாசனம், புஜங்காசனம், பிராமரி, கடைசியா சவாசனம். சவாசனத்துல பாதி பேர் தூங்கிட்டோம். முதல்ல காலைல 6 மணிக்குன்னு தான் சொன்னாங்க, நாங்க போய் பேசி சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டோம். 5 மணி நேரம் தூங்குற பொண்ணுகிட்ட இன்னும் ஒரு மணி நேரத்த புடுங்கி யோகா சொல்லிக் கொடுத்தா அது எப்படி உடம்புக்கு நல்லது ஆகும்? இத நான் எங்க வேணா சொல்லுவேன்.

ஜூன் 13, வெள்ளி
இன்னிக்கு நடந்தத மறக்காம எழுதி வைக்கணும்.

வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பிபி மாதிரி) பாக்கும்போது நாடிய எண்ணி முடிச்சதும் கைய விடக்கூடாதுன்னு ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் கொடுத்துடுவாங்க. நாடி பாக்குற மாதிரியே மணிக்கட்ட புடிச்சிக்கிட்டு, பேஷண்ட்டுக்கு தெரியாம நெஞ்சு ஏறி இறங்குறத ஒரு முழு நிமிஷம் எண்ணணும். மூச்ச எண்ணுறோம்னு தெரிஞ்சா அவங்க மூச்சே மாறிடும். பெரியவங்களுக்கு 12ல இருந்து 20 வரைக்கும் நார்மல்.

ராத்திரி மொட்டை மாடில உக்காந்து என் மூச்ச நானே எண்ணிப் பாத்தேன். எண்ண ஆரம்பிச்ச உடனே மாறுது, தொண்டையில ஏதோ இறுக்குது. ப்ராஜெக்ட் பண்ற அக்கா ஒருத்தங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், "மாறட்டும்டி, மாறுறதையும் சேத்து பாரு, சரி பண்ணாத"ன்னாங்க. எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க வரிசையா ஹாரன் அடிக்குது, காத்துல காசிமேட்டு மீன் வாசம், அத எல்லாம் தள்ளி வைக்கணும்னு கூட தோணல. கொஞ்ச நேரத்துல மூச்சு அது பாட்டுக்கு போக ஆரம்பிச்சுது, நான் வெறுமனே கூட இருந்தேன். எத்தனையோ பேர் மூச்ச எண்ணியிருக்கேன், என்னோடது எப்படி போகுதுன்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது.

ஆயா மேல வந்து "இன்னாடி இருட்டுல தனியா குந்திக்கினு கீற"ன்னு கேட்டுட்டு பக்கத்துலயே உக்காந்துச்சு.

ஜூன் 17, செவ்வாய்
மூச்ச 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடணும், நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். மூச்ச வெளிய விடும்போது வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், பிசியாலஜில பரீட்சைக்குன்னு மனப்பாடம் பண்ணது, இப்ப விரல வெச்சு நாடிலயே பாக்குறேன். வென்ஃப்ளான் போடறதுக்கு முன்னாடி மூணு தடவ நீளமா விட்டேன். கை நடுங்குச்சு, ஆனா ஊசி உள்ள போச்சு.

ஜூன் 21, சனி
யோகா தினம். ஐநா சபை 2014ல அறிவிச்சு 2015ல இருந்து நடக்குது. கிரவுண்டுல பேனர், போட்டோ எல்லாம் முடிஞ்சுது. அக்கா சொன்ன ஒரு விஷயம்தான் மனசுல நிக்குது. ஜான் கபாட் ஜின் 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல மைண்ட்ஃபுல்னஸ் (நடக்குறத அப்படியே கவனிக்கிறது) பயிற்சிய ஆரம்பிச்சது ஒரு ஆஸ்பத்திரியோட சேந்துதான், நாள்பட்ட வலியோட வந்தவங்களுக்காகன்னு. அதுலயும் யோகா இருக்கு. அப்ப இது நம்ம வார்டுக்கும் சொந்தமான விஷயம்தானே.

ஆனா ஒண்ணு. ஒரே ஸ்டாஃப் ஒரு வார்டு முழுக்க ஓடுறதுக்கு சவாசனம் பதில் ஆகாது. அன்னிக்கு என்னைக் கத்துன அவங்களும் சாப்பிடாமதான் நின்னிருந்தாங்க.

ஜூன் 26, வியாழன்
இன்னிக்கு ஒரு அம்மா மூச்சுத் திணறலோட வந்தாங்க, பல வருஷம் விறகு அடுப்புல புகைக்குள்ளயே சமைச்சவங்க, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). சாச்சு உக்கார வெச்சு, டாக்டர் சொன்னபடி ஆக்சிஜன், நெபுலைசேஷன் எல்லாம் போயிட்டு இருக்கு, ஆனா கண்ணுல பயம் போகல. எண்ணினேன், 32. சிஸ்டர்கிட்ட கேட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்து, "மூக்கால இழுங்கம்மா, உதட்ட குவிச்சு சூடு டீய ஆத்துற மாதிரி மெதுவா விடுங்க"ன்னு சொல்லி நானும் கூடவே ஊதினேன். இது யோகா கிளாஸ்ல சொன்னது இல்ல, எங்க புக்லயே இருக்கு, ஆனா எனக்கே பதறாம கூட ஊத இந்த மாசம்தான் முடிஞ்சுது.

கொஞ்ச நேரம் கழிச்சு நாடி பாக்குற மாதிரி கைய புடிச்சுக்கிட்டு மறுபடி எண்ணினேன், 24. சார்ட்ல எழுதறதுக்கு எழுந்திரிக்கலாம்னு பாத்தா அவங்க என் மணிக்கட்ட புடிச்சிருந்தாங்க. இடது கையாலயே எழுதினேன்.