ஹேக் நீதிபதிகளின் மனசு

உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷன் ஜாதவின் வழக்கில், 2019இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முக்கிய முடிவுகள் 15க்கு 1 என்று பாகிஸ்தானுக்கு எதிராக வந்தன. மறுத்த அந்த ஒருவர் பாகிஸ்தான் அமர்த்திய தற்காலிக நீதிபதி (தன் நாட்டவர் அமர்வில் இல்லாதபோது, வழக்கில் உள்ள நாடு அந்த வழக்குக்கு மட்டும் அமர்த்திக்கொள்பவர்). அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில், 1986இல், அமெரிக்க நீதிபதி ஷ்வெபல் தன் நாட்டுக்கு எதிரான முக்கியத் தீர்ப்புகளை ஏற்கவில்லை. இதை நேர்மைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் ஒரே ஆவணங்களைத்தான் படிக்கிறார்கள், ஆனால் எந்த வாதம் இயல்பாகப் படுகிறது என்பதில் வளர்ந்த சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு, அது நடப்பது அவர்களுக்கே தெரியாமல் போகலாம்.

சரி, எப்போதும் இப்படித்தானா? இல்லை. காசாவில் இனப்படுகொலை என்று இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில், 2024 ஜனவரியில், இஸ்ரேல் அமர்த்திய தற்காலிக நீதிபதி அஹரோன் பராக் ஆறு இடைக்கால உத்தரவுகளில் இரண்டை ஆதரித்தார்: இனப்படுகொலைத் தூண்டுதலைத் தடுப்பது, காசாவுக்கு மனிதாபிமான உதவி. அந்த இரண்டு வாக்குகளைத்தான் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.